சத்தந்தின்னி

1

படம் முடிந்ததும் அரங்கில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். என் மனைவி மலர் மட்டும் எழுந்திருக்கவில்லை. இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு, முன்சீட்டின் முதுகில் நெற்றி படும்படி குனிந்து உட்கார்ந்திருந்தாள். மேடையில் எங்கள் மகள் ஆதிரை, படத்தில் வேலை செய்த மற்றவர்களோடு வரிசையில் நின்று, விளக்கு வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கியபடி கூட்டத்தில் எங்களைத் தேடினாள். நான் கையை உயர்த்திக் காட்டினேன். அவள் சிரித்தாள். பக்கத்தில் இருக்கும் அம்மா அவள் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. சுற்றிலும் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

இது நடந்து ஒரு வருஷம் ஆகிறது. நான் இருப்பது நியூசிலாந்தின் வெலிங்டனில். இந்த வாரம் அதே அரங்கின் வாசலில் இந்த வருஷத் திரைப்பட விழாவுக்குத் தட்டி கட்டியிருக்கிறார்கள். நான் வேலைக்குப் போகும் பேருந்துக்கு வேறு வழி கிடையாது. காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை அதைப் பார்க்கிறேன். இந்த ஊரில் காற்று அதிகம். தட்டிகள் படபடவென்று அடித்துக்கொள்ளும் சத்தம் பேருந்துக்குள்ளேயே கேட்கிறது.

இப்போது வீட்டில் நான் மட்டும்தான். மலர் பாளையங்கோட்டையில், என் அண்ணன் வீட்டு மாடியில் இருக்கிறாள். விசா முடியும்வரை இருப்பேன் என்கிறாள். அதற்கப்புறம் என்ன என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆதிரை வேறொரு படத்துக்காக ஐரோப்பா போய்விட்டாள். எப்போதாவது ஒரு குறுஞ்செய்தி வரும். அதில் பாதி படங்கள்.

ஊரிலிருந்து போன் பண்ணுகிறவர்கள் கேட்பது ஒன்றுதான். "ஏலே சம்முகம், ஒம் மக சினிமாக்காரி ஆயிட்டாளாமே. நீ கொடுத்து வச்சவம்லே." அவர்களுக்குப் போனில் என்ன பதில் சொல்வது என்று தெரியாததால் இதை எழுதுகிறேன்.

2

மலரை நான் முதலில் பார்த்தது வண்ணார்பேட்டையில். அங்கே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவாள். ஊருக்கு வெளியே இருக்கும் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து பஸ் பிடித்து வர வேண்டும். அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப் போயிருந்தது. முடிவுத் தாளை வாங்கி அங்கேயே நின்று படித்துவிட்டு, "போன தடவைய விடக் கூடியிருக்கு, என்ன?" என்று என்னைக் கேட்பாள். முகத்தில் எதுவும் தெரியாது. அம்மாவிடம் திரும்பி, "நல்லாத்தான் இருக்காம் அம்மா" என்பாள்.

பத்து வயதில் படகில் வந்து இறங்கியவள். பாளையங்கோட்டையில் படித்ததால் எங்கள் பேச்சு அவளுக்கு அப்படியே வந்துவிட்டது. பஸ்ஸில், கடையில், என்னோடு எல்லாம் 'வாரேன், போறேன், சொல்லுதேன்' தான். அவளுடைய சொந்தப் பேச்சு முகாமுக்குள்ளே அப்பா அம்மாவோடு மட்டும். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் என்னிடம் அவள் அந்தத் தமிழில் பேசியதே இல்லை.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். பெயர் ரூபன். ஆறு வயதில் குண்டு விழுந்து செத்துப்போனான். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். முகாமில் ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒருவர் உண்டு. பெயரைச் சொல்வார்கள், வயதைச் சொல்வார்கள், அத்தோடு பேச்சு வேறு பக்கம் போய்விடும். மலரின் அப்பா தம்பிராசா வருஷத்துக்கு ஒரு நாள் குறுக்குத்துறைக்கு வந்து தாமிரபரணியில் அந்தப் பிள்ளைக்காக முழுகிவிட்டுப் போவார். சின்னப் பிள்ளைக்குத் திதி கிடையாது என்று ஐயர் சொல்லிவிட்டாராம். அதனால் ஐயர் இல்லாமல் அவரே வருவார்.

எங்கள் கல்யாணம் நடப்பதற்கு முன்பே மாமியார் இறந்துவிட்டார். என் வீட்டில் அண்ணன் ஒருவர்தான் கல்யாணத்துக்கு வந்தார். "அகதிப் பிள்ளையா இருந்தா என்னலே, ஆளு தங்கமா இருக்கா" என்றார். நாங்கள் வெளிநாடு கிளம்ப வருஷங்கள் ஆயின. என் தாள்கள் ஒரு பக்கம் வந்துவிட்டன. அவளுக்கோ பிறந்த சான்று இல்லை. பிறந்த ஊரில் அதைப் பதிந்துவைத்த அலுவலகக் கட்டடமே இல்லை. அவள் எந்த நாட்டுக்காரி என்ற கேள்விக்கு ஒவ்வொரு ஜன்னலிலும் ஒவ்வொரு பதில் சொன்னார்கள். கடைசியில் ஒருவழியாக எல்லாம் சேர்ந்து வந்தபோது அவள் சந்தோஷப்பட்டதாகவும் தெரியவில்லை. "அப்பாவ விட்டுட்டு வாரமே" என்று மட்டும் சொன்னாள்.

3

ஆதிரை இங்கேதான் பிறந்தாள். இந்த ஊரில் இடி அதிகம் கிடையாது, காற்றுதான். மலைச்சரிவில் மரவீடு. காற்று வரும்போது வீடே முனகும். குழந்தை பயந்து அழுவாள். அப்போது மலர் அவளுக்கு ஒரு கதை சொல்வாள்.

மண்ணுக்கு அடியில் ஒரு பெரிய விலங்கு இருக்கிறது. அதற்குப் பெயர் சத்தந்தின்னி. கண் கிடையாது. காது இரண்டும் அரிசி புடைக்கிற சுளகு மாதிரி அகலம். பிள்ளைகளைப் பயப்படுத்துகிற சத்தம் எதுவானாலும் அது மேலே வந்து வாயைத் திறந்து விழுங்கிவிடும். விழுங்கிய சத்தம் எல்லாம் அதன் வயிற்றுக்குள் கிர்ரென்று சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் வயிற்றில் காதை வைத்தால் கேட்கலாம். மலர் அப்படிச் சொல்லிவிட்டுக் குழந்தையின் காதைத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொள்வாள். ஆதிரை சிரித்துக்கொண்டே தூங்கிவிடுவாள்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் நான் அப்படி ஒரு கதை கேட்டதில்லை. "உங்க ஊர்க் கதையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இல்ல, நானா சொல்லுதது" என்றாள்.

ஆதிரை வளர வளர அவளுடைய தமிழ் தேய்ந்துகொண்டே போனது. பள்ளிக்கூடம் போன புதிதில் வீட்டில் தமிழ், வெளியே ஆங்கிலம் என்று இருந்தது. அப்புறம் நாங்கள் தமிழில் கேட்க அவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். அப்புறம் நாங்களே களைத்துப்போய் ஆங்கிலத்துக்கு மாறினோம். மலர் முதியோர் இல்லத்தில் வேலை. பகலெல்லாம் வயசாளிகளைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி, அலுத்து வருவாள். நான் நகரத்துக் குடிநீரைப் புட்டிகளில் பிடித்து வைத்துச் சோதிக்கிறவன். எங்கள் இரண்டு பேருடைய நாளிலும் மகளுக்குச் சொல்லும்படி பெரிதாக ஒன்றும் நடக்காது. அவளுக்கும் எங்களிடம் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. 'அம்மா', 'அப்பா', 'பசிக்குது', 'சும்மா இரு'. இவற்றோடு சத்தந்தின்னி என்ற ஒரு சொல் மட்டும் அவளிடம் அப்படியே இருந்தது. அதை மட்டும் உச்சரிப்புப் பிசகாமல் சொல்வாள்.

கல்லூரியில் சிற்பம் படித்தாள். பிறகு சினிமாவுக்கு விலங்குகளும் பேய்களும் செய்கிற ஒரு பட்டறையில் சேர்ந்தாள். ரப்பரும் சிலிக்கோனும் கொண்டு தோலும் நகமும் செய்வார்கள். உள்ளே ஒரு நடிகர் புகுந்து நடப்பார். ஒருநாள் வந்து, தான் சொன்ன ஒரு விலங்கை ஓர் இயக்குநருக்குப் பிடித்துவிட்டது, அதையே நடுவில் வைத்துப் படம் எடுக்கப்போகிறார்கள் என்றாள். என்ன விலங்கு என்று கேட்டோம். "படம் வரும்போது பாருங்க" என்றாள், தடுமாறித் தமிழில். மலருக்கு அன்று சந்தோஷம். எனக்கும்தான்.

4

பெரியவர்களுக்கு மட்டுமான படம். வாசலிலேயே எழுதி வைத்திருந்தார்கள். மாயாஜாலப் படம்தானே என்று நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெயரில்லாத ஒரு மலைநாடு. பனி. ஊரைப் படை பிடித்து வைத்திருக்கிறது. துணி வெளுக்கிற ஒரு பெண், செத்துப்போன அக்காவின் சின்ன மகனை வளர்க்கிறாள். படைக்காரர்களின் உடுப்புகளை அவள்தான் துவைக்க வேண்டும். வரும் உடுப்புகளில் இருக்கும் கறையை வைத்து, முந்தின நாள் ஊரில் யாரை என்ன செய்தார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். ஆற்றில் உட்கார்ந்து அவள் அந்தக் கறைகளைத் தேய்க்கிற காட்சியிலேயே நான் திரையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டேன். அப்புறம் ஒரு மாவு மில்லுக்குள் மனிதர்களைக் கட்டி வைத்துக் கேள்வி கேட்கிறார்கள். அதை நான் இங்கே எழுத மாட்டேன். எல்லாவற்றையும் காட்டினார்கள். இரண்டு மூன்று பேர் எழுந்து வெளியே போனார்கள்.

பையன் பயந்து அழும்போது அந்தப் பெண் அவனுக்கு ஒரு விலங்கைப் பற்றிச் சொல்கிறாள். படத்தில் அதற்கு ஆங்கிலத்தில் வேறு ஏதோ பெயர். பனியை உடைத்துக்கொண்டு அது மேலே வந்தபோது, முதலில் தெரிந்தது காதுகள்தான். இரண்டு சுளகுகள். முறம் பின்னுகிற மூங்கில் சிம்பு போல அந்தக் காதுகளின் தோலில் கோடுகூட இருந்தது. மலர் என் முழங்கையைப் பிடித்தாள். "நம்ம கதைங்க" என்றாள் மெதுவாக. இருட்டில் அவள் சிரித்தது எனக்குத் தெரிந்தது.

கடைசியில் விமானங்கள் வருகின்றன. எல்லோரும் நிலவறைக்குள் ஓடுகிறார்கள். பையன் மட்டும் கையை உதறிக்கொண்டு வெளியே ஓடுகிறான். விலங்கு வரும், குண்டை விழுங்கும், அதைப் பார்க்க வேண்டும் என்று வெட்டவெளியில் நின்று இரண்டு கைகளையும் விரித்துக் கூப்பிடுகிறான். விலங்கு வருகிறது. குண்டை அல்ல, பையனை விழுங்குகிறது. உடனே திரையில் சத்தமே இல்லை. அதன் வயிற்றுக்குள் பொன்னிற வெளிச்சம். ஊரில் கொல்லப்பட்டவர்கள் எல்லோரும் அங்கே அமைதியாக உட்கார்ந்திருக்கிறார்கள். பையன் அவர்கள் நடுவில் உட்கார்ந்து சிரிக்கிறான். படம் முடிகிறது.

எழுத்துகள் ஓடத் தொடங்கியபோது நடுவில் தமிழில் ஒரு வரி வந்தது. 'அமாவுக்கு' என்று இருந்தது. ஒரு 'ம்' விட்டுப்போயிருந்தது. ஆதிரை யாரிடமும் கேட்காமல் தானே எழுதியிருக்கிறாள். அதைப் பார்த்து என் கண் நிறைந்துவிட்டது. மலருக்குக் காட்டலாம் என்று திரும்பினேன். அப்போதுதான் அவள் காதைப் பொத்திக் குனிந்திருந்ததைப் பார்த்தேன்.

5

வெளி மண்டபத்தில் ஆதிரை கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள். கறுப்பு உடுப்பு, காதில் மலருடைய பழைய தோடு. "அம்மா, பிடிச்சுதா?"

மலர் அவள் முகத்தையே பார்த்தாள். "ஆர் உனக்குச் சொன்னது?" என்றாள்.

அது முகாமுக்குள் பேசுகிற தமிழ்.

ஆதிரைக்குப் புரியவில்லை. 'ஆர்' என்பதை 'ஆறு' என்று எடுத்துக்கொண்டாள். என்ன ஆறு, எதில் ஆறு என்று ஆங்கிலத்தில் என்னைக் கேட்டாள். இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"அவன் வெளியில ஓடினதை ஆர் உனக்குச் சொன்னது?" மலரின் குரல் உயர்ந்தது. சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. உனக்கு எப்படித் தெரியும்?"

யாரும் சொல்லவில்லை. இயக்குநரும் ஆதிரையும் எழுதுகிறவர்களும் உட்கார்ந்து, இப்படி ஒரு கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை குண்டு விழும்போது என்ன செய்வான் என்று யோசித்திருக்கிறார்கள். வெளியே ஓடித்தான் பார்ப்பான் என்று எல்லோருக்கும் தோன்றியிருக்கிறது. ஆதிரை அதை ஆங்கிலத்தில் விளக்கினாள். நான் தமிழில் சொன்னேன். சொல்லச் சொல்ல மலரின் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

டாக்ஸியில் நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக்கு வரும்போது மலர் சொன்னாள். பங்கர் என்கிற பதுங்குகுழிக்குள் தம்பி பயந்து கத்துவான். அவனை அடக்குவதற்காக அவள்தான் சத்தந்தின்னியைச் சொன்னாள். அது வெளியே வந்து பொம்பர் விமானத்தின் சத்தத்தையும் குண்டையும் சேர்த்து விழுங்கிவிடும் என்றாள். அவன் அழுகையை நிறுத்திவிட்டான். கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்தது. அப்புறம் ஒரு காலையில் எல்லோரும் உள்ளே ஓடும்போது அவன் வெளியே ஓடினான். அது வருவதைப் பார்க்க.

"பாத்தீங்களா," என்றாள் என்னிடம், இப்போது எங்கள் பேச்சில். "இவங்கெல்லாம் யாரு? ரூபனத் தெரியாது, எங்க ஊரத் தெரியாது. கதைய மட்டும் கேட்டுட்டு, முடிவு இதுதான்னு கண்டுபிடிச்சிட்டாங்க. அப்போ எவன் கேட்டாலும் அங்கனதான் வந்து நிப்பான். நான் வாயத் திறந்து சொல்லும்போதே அவன் சாவுத பக்கம்தான் கத போயிருக்கு. எனக்குத்தான் தெரியல."

பத்து வயசுப் பிள்ளை நீ, என்று ஏதோ சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும், "அவன் சிரிக்கல" என்றாள். "படத்துல சிரிக்கான். அப்படி எல்லாம் சிரிக்க மாதிரி ஒண்ணும் மிஞ்சல அங்க."

6

அதற்கப்புறம் வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. மலர் வேலைக்குப் போனாள், வந்தாள். மிக்ஸி ஓடினால் வேறு அறைக்குப் போனாள். படத்துக்குப் பல ஊர்களில் பாராட்டு. ஆதிரையின் படமும் பேட்டியும் செய்தித்தாளில் வந்தன. அதில் அவள், இந்த விலங்கை எனக்குத் தந்தது என் அம்மா என்று சொல்லியிருந்தாள். மலர் வேலை பார்க்கும் இல்லத்தில் ஒரு மூதாட்டி அதை வெட்டி வைத்திருந்து அவளிடம் காட்டி, நீ புண்ணியம் செய்தவள் என்று கையைப் பிடித்துக்கொண்டாராம். அன்று பாதி வேலையில் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ரூபனைப் பற்றி நான் போனில் சொன்ன பிறகு ஆதிரை மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வந்தாள். அம்மாவின் அறைக் கதவுக்கு வெளியே நின்று பேசினாள். அவள் பேசியது ஆங்கிலம், நான் தமிழில் எழுதுகிறேன்: "எனக்குத் தெரியாதும்மா. நீ சொல்லவே இல்லையே. உன் ஊரைப் பற்றி, உன் தம்பியைப் பற்றி நீ எதுவும் சொன்னதில்லை. உன்னிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்த ஒரு கதைதான். அதையும் நான் வைத்துக்கொள்ளக் கூடாதா?" மலர் கதவைத் திறக்கவில்லை. நான்காவது ஞாயிறு அவள் வரவில்லை.

இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. அதனால் யாருக்கும் எந்தப் பிரயோசனமும் இல்லை.

என் அண்ணன் போனில் கோபப்பட்டார். "படம்னா படம்தானலே. சவத்தத் தள்ளிட்டு வேற சோலியப் பாக்கச் சொல்லு. பெத்த பிள்ளகிட்ட மூஞ்சியத் திருப்புனா அது நல்லாவா இருக்கு?" அவருக்கு நான் முழுவதையும் சொல்லவில்லை.

பிறகு ஒரு காலை தம்பிராசா மாமா கூப்பிட்டார். வாரம் ஒருமுறை போனில் முகம் பார்த்துப் பேசுவது வழக்கம். பேத்தி வேலை செய்த படத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் போனில் தேடி எடுத்துக் காட்டினாராம். மாமா முழுவதும் பார்த்திருக்கிறார். "பிள்ளை," என்றார் மலரிடம். "சத்தந்தின்னியைக் கண்டனான்."

மலர் எழுந்து நின்றுவிட்டாள். படத்தில் அந்தப் பெயர் எங்கேயும் வராது. பங்கருக்குள் தம்பியின் காதோடு காதாகச் சொன்னது, அப்பாவுக்கு அந்தப் பெயரைத் தான் சொன்னதே இல்லை என்று பிறகு என்னிடம் சொன்னாள். மாமாவிடம் எதுவும் கேட்கவில்லை. "ரூபன்ர நாளுக்கு நாங்கள் வாறம் அப்பா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

இந்தியா போக எனக்கும் ஆதிரைக்கும் விசா சீக்கிரம் வந்துவிட்டது. மலரும் எங்களைப் போல நியூசிலாந்து பாஸ்போர்ட்தான் வைத்திருக்கிறாள். ஆனால் பிறந்த இடம் என்ற வரி இருக்கிறதே. மறுபடி கேள்விகள், மறுபடி காத்திருப்பு. எந்த ஊரில் வளர்ந்தாளோ அந்த ஊருக்குப் போக அவள் காத்துக்கொண்டிருந்தாள். எங்கள் கூட வருவதாக ஆதிரை தானாகவே சொல்லியிருந்தாள். மலர் வேண்டாம் என்று சொல்லவில்லை. விமானத்தில் இரண்டு பேருக்கும் நடுவில் நான் உட்கார்ந்து வந்தேன்.

7

குறுக்குத்துறைக்குக் காலையிலேயே போய்விட்டோம். மாமா எங்களுக்கு முன்னால் வந்து படித்துறையில் உட்கார்ந்திருந்தார். முகாமிலிருந்து வெளியே வர அனுமதி வாங்கி, பஸ் மாறி வந்திருக்கிறார். ரொம்பத் தளர்ந்துவிட்டார். ஈர வேட்டி, தோளில் துண்டு, மடியில் ஒரு பிஸ்கட் பொட்டலம். ரூபனுக்கு அது பிடிக்குமாம். அதை நொறுக்கித் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார். மீன்கள் மொய்த்தன. அணையில் தண்ணீர் திறந்திருந்ததால் ஆறு நிறைய ஓடியது.

மலர் அவருக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். ஆதிரை செருப்பைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் நின்றாள்.

"அப்பா, அந்தப் பேர் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மாமா தண்ணீரையே பார்த்துக்கொண்டு சொன்னார். "அது நான் சொன்ன கதை பிள்ளை. முதல்முதல் பங்கருக்குள்ள இறங்கின அண்டைக்கு. நீ என்ர மடியில இருந்தனீ. பொம்பர் சுத்துது. நீ நடுங்கிக்கொண்டிருந்தனீ. உனக்காகத்தான் சொன்னனான்."

"இல்லையப்பா. நான் என்ர தம்பிக்குச் சொன்னது அது. நான்தான் யோசிச்சுச் சொன்னனான்."

"நான் சொன்னதைத்தான் நீ அவனுக்குச் சொன்னனீ. உனக்கு ஞாபகம் இல்லை."

"காது? சுளகுக் காது நான் வைச்சது."

"காதை நீ வைச்சிருப்பாய். குண்டை விழுங்கும் எண்டது நான். பேர் நான் வைச்சது."

"இல்லை, நான்!"

மலர் கத்தினாள். பக்கத்துப் படியில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். மாமாவும் விடவில்லை. "அண்டைக்குக் காலமை அவன் என்னட்ட வந்து கேட்டவன், 'அப்பா, அது இண்டைக்கு வருமோ?' எண்டு. நான் மூட்டை கட்டிக்கொண்டிருந்தனான். நிமிந்துகூடப் பாக்கேல்லை. 'ஓம், வரும்' எண்டனான். இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அந்தப் பிள்ளையை அனுப்பினது நான். நீ ஏன் அதை எடுக்கிறாய்?"

"என்னட்டையும் கேட்டவன் அப்பா," என்றாள் மலர். "நானும் வரும் எண்டுதான் சொன்னனான்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இனியாவது பாரம் குறையும், இரண்டு பேரும் அழுது தீர்த்துவிடுவார்கள் என்று நான் நினைத்தேன். அப்படி நடக்கவில்லை. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. கதை யாருடையது, பெயர் யார் வைத்தது, கடைசியாக 'வரும்' என்று சொன்னது யார் என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். ஒரு பொருளை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுப்பது மாதிரி இருந்தது. அந்தப் பழி தன்னுடையது இல்லை என்று ஆகிவிட்டால் ரூபனிடம் தனக்கு வேறு எதுவும் மிஞ்சாது என்று அவர்கள் பயந்தார்களோ என்னவோ.

கடைசியில் மாமாதான் களைத்துப்போய்ச் சொன்னார். "அவன் அம்மாட்டையும் கேட்டிருப்பான்."

இழுபறி அத்தோடு நின்றது. மாமியார் எப்போதோ போய்விட்டார். ரத்தப் பரிசோதனைக்கு வரும்போது பெஞ்சில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். உடம்பு முடியாததால் அப்படி என்று நான் நினைத்திருந்தேன்.

ஆதிரை என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டாள். அவளுக்கு அந்தத் தமிழில் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. எதையும் குறைக்காமல் சொன்னேன். கதை இப்படி வந்தது, இன்னார் இப்படிச் சொன்னார்கள், பையன் காலையில் ஒவ்வொருவரிடமாகப் போய்க் கேட்டான், எல்லோரும் வரும் என்றார்கள். அவள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையை ஆட்டினாள். நான் முடித்ததும் படியிறங்கிப் போய், நனைவதைப் பார்க்காமல் தண்ணீரிலேயே மலருக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"அம்மா," என்றாள் தமிழில். சொல் தேடினாள். "நானும். நானும் சொன்னேன். எல்லாருக்கும் சொன்னேன்."

மன்னிப்புக் கேட்கிறாள் என்று நினைத்தேன். இல்லை, அவளும் தன் பங்கைக் கேட்டாள். மலர் அவளைத் தள்ளவும் இல்லை, அணைக்கவும் இல்லை. கொஞ்சம் நகர்ந்து, படியில் இடம் விட்டாள். ஆதிரை ஏறி அம்மாவுக்கும் தாத்தாவுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். மூன்று பேரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் தொடவில்லை.

நான் பக்கத்தில் போனேன். மலரின் தோளில் கையை வைத்தேன். அந்தத் துறையில்தான் நான் நீச்சல் பழகினேன். பிடரி வரைக்கும் நனைந்துகொண்டு என் பிள்ளைப்பிராயம் முழுவதும் அங்கே கிடந்திருக்கிறேன். எங்கள் ஊரில் அப்போது சத்தம் என்றால் சைக்கிள் மணியும் கோயில் மேளமும்தான், எதற்கும் நான் பயந்ததில்லை. இவளோடு இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

மலர் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை. அவள் என்னிடம் எப்போதும் பேசுகிற பேச்சில், கடைக்குப் போகச் சொல்வது போல, ரொம்பத் தன்மையாகச் சொன்னாள்.

"நீங்க கொஞ்சம் அங்கன போய் நில்லுங்க."

நான் படியேறிப் போய் நின்றேன்.